லாக்கின் வாய்

லாக்கை மாட்டியதில் சந்தேகமே இல்லை, அதன் வாயை எந்தப் பக்கம் பார்க்க வைத்து மாட்டினோம் என்பதுதான் நாச்சிமுத்துவுக்கு ஞாபகம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் இரண்டாவது கியரில் முக்கி முனகிக் கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பூகோளத்தில் ஒற்றை வரியாக உருப்போட்ட பாமீர் மேட்டுநிலம் இதுதான். நாடு தஜிகிஸ்தான், அந்தப் பெயர் அவர் நாக்கில் இன்னும் சரியாக உட்காரவில்லை. மரம் என்று பேருக்குக்கூட ஒன்றில்லாத மண்நிற மலைகள், வலது கையோரம் விடாமல் கூடவே வரும் சீன எல்லையின் முள்வேலி, துவைக்கிற கல்லின் வரிகளைப் போல மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மண்சாலை. ஒவ்வொரு மடிப்புக்கும் வண்டி அதிர்ந்தது, ஒவ்வொரு அதிர்வுக்கும் அவருக்கு லாக்கு ஞாபகம் வந்தது. சங்கிலியின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பட்டை, அந்தப் பட்டை கழன்றுவிடாமல் மேலே கவ்விக்கொண்டு சுண்டுவிரல் நகமளவு ஓர் எஃகுத் துண்டு, அவ்வளவுதான் லாக்கு என்பது. கொண்டை ஊசியைக் குட்டையாக்கியது போல ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை பிளந்திருக்கும். பிளந்த முனைதான் வாய். சங்கிலி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வாய் பார்த்திருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் ஒரு கல் தெறித்துப் பட்டால் போதும், பிதுங்கிக்கொண்டு வெளியே போய்விடும். லாக்கு போனால் பட்டை போகும், பட்டை போனால் சங்கிலி போகும், அறுந்த சங்கிலி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் சக்கரம் நட்டுவைத்தது போல நிற்கும். அந்தச் சக்கரத்துக்கு மேலேதான் அவர் மனைவி வசந்தாமணி உட்கார்ந்திருந்தாள். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, அவர் தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு, "மாமா, அந்த மலையப் பாருங்க, எங்க பெரியம்மா ஒருக்களிச்சுப் படுத்துருக்கறாப்புலயே இருக்குது" என்று சொல்லிக்கொண்டு.

நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது, தோன்றி என்ன பிரயோசனம். இந்த உயரத்தில் காற்றே அரைவயிறு. மனிதனுக்கே மூச்சு முட்டுகிறது, கார்புரேட்டர் வைத்த கிழட்டு வண்டிக்குக் கேட்க வேண்டுமா. ஆக்சிலரேட்டரை முறுக்கிய கையைத் தளர்த்தினால் எஞ்சின் அணைந்துவிடும். காலையில் கிக்கரை உதைத்து உதைத்து வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது, அது சமதளத்தில். இந்த ஏற்றத்தில் அணைந்தால் தள்ளவும் முடியாது, உதைக்கவும் முடியாது, லாரி ஏதாவது வருகிற வரைக்கும் சீன வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கிளம்பியதிலிருந்து லாரி ஒன்றும் வரவில்லை. உச்சிக்குப் போய்விட்டால் அக்கட்டால் இறக்கம், உருட்டிவிட்டுக் கிளப்பிக்கொள்ளலாம், அது வரைக்கும் கையை விடக்கூடாது. கையை விடாமலே வண்டியை நிறுத்தி, அவளை இறங்கிப் பார்க்கச் சொல்லலாம். புள்ள, அந்தச் சங்கிலியில் நகமளவு ஒரு சாமான் இருக்கும், அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார். எதுக்குங் என்பாள். சும்மாதான் என்றால் விட்டுவிடுகிற ஆளா அவள், கல்யாணமான புதிதில் சும்மாதான் என்று அவர் சொன்ன ஒன்றுக்கு இன்றுவரை விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளதைச் சொன்னால் அதோடு அவள் பேச்சு நின்றுவிடும். அந்தப் பேச்சுதான் காலையிலிருந்து அவரைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரியம்மா மலை, கம்பளி போர்த்திய எருமை, இந்த ஊர்ப் பெண்டுகளின் பூப்போட்ட முக்காடு, தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சாம்பாரில் உப்புப் பத்தாமல் போனது. பாதி காற்றில் போகிறது, மிச்சப் பாதிக்கு அவர் உம் கொட்டுகிறார். உம் கொட்டும் இடைவெளியில் சங்கிலியைக் கேட்கிறார். கர்ர், கர்ர், டக். அந்த டக்குதான் ஆகாதது.

டக்கு எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்ததுதான் வினை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சங்கிலிக்கு எண்ணெய்க் குளியல். சூலூர்ப் பக்கத்து நூல் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. காலையில் தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வண்டியை ஸ்டாண்டு போட்டு, பழைய எஞ்சின் ஆயிலைச் சங்கிலி நெடுகச் சொட்டச் சொட்ட விடுவார், தாராளமாக, பிள்ளைக்கு உச்சியில் வைப்பது போல. ஊரில் அது நன்றாகத்தான் இருந்தது. கப்பலில் வண்டியை ஏற்றி அனுப்பி, பாலைவன ஊர்கள் ஒவ்வொன்றாகத் தாண்டி வரும்போதும் ஒரு சனி தவறவில்லை. வழியில் சங்கிலி கடகடவென்று அடித்துக்கொள்ளும் வண்டிகளில் வந்த வெள்ளைக்காரப் பையன்களைப் பார்த்து, காஞ்ச தலையோட சுத்தறானுக என்று வசந்தாமணியிடம் சிரித்தும் இருக்கிறார். அவர்கள் காய்ந்த சங்கிலியில் மணல் ஒட்டவில்லை. அவர் சங்கிலியில் ஊர்ப்பட்ட மணலும் வந்து ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் மணலும் சேர்ந்து சாணைச் சேறாகி, இரும்பை இரும்பே தின்னும்படி ஆகிவிட்டது. இன்று காலை மூர்காப் ஊரில் தங்கிய வீட்டு முற்றத்தில் துடைத்துப் பார்த்தபோது பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றுகிற வட்டின் பல்லெல்லாம் கருக்கரிவாள் பல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து மெலிந்து கிடந்தது. அசட்டையாக விட்டிருந்தால்கூட இவ்வளவு தேய்ந்திருக்காது. பார்த்துப் பார்த்துச் செய்ததில் தேய்ந்தது. இது யாரிடம் சொல்லிக்கொள்கிற சங்கதியா? சங்கிலியும் நீண்டு தொங்கியது, இழுத்துக் கட்ட இனி இடமில்லை. ஒரு கண்ணியைக் கழற்றிக் குட்டையாக்கினார். கழற்றும்போது பழைய லாக்கு வளைந்துவிட்டது, பையில் இருந்த கடைசி லாக்கை எடுத்தார். அது வரைக்கும் தெளிவாக இருக்கிறது. தண்ணீர்ப் பானையில் ஏடாகப் பனி கட்டியிருந்தது, விரல்கள் யாருடைய விரல்களோ மாதிரி இருந்தன, மண்டைக்குள் உயரத்தின் வலி ஆணி அடித்துக்கொண்டிருந்தது. சாமான்களை ஒரு துணியில் பரப்பியிருந்தார். கண்ணியைச் செருகினார், பட்டையைப் போட்டு அழுத்தினார். அப்போது அவள் கூப்பிட்டாள், டீ ஆறுது வாங்க என்று. போனார், டீயில் உப்புப் போட்டிருந்தார்கள், குடித்துவிட்டு வந்தார். வசந்தாமணி துணியை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள், துணி என்று எதைக் கண்டாலும் உதறி மடிக்காமல் அவளுக்கு ஆகாது. லாக்கைப் போட்டதும் டிக் என்று ஒரு சத்தம் வரும். அந்த டிக் காதில் இருக்கிறது. டிக் கேட்டது. வாய்? வாய் பின்னால் பார்த்தது போலத்தான் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் சங்கிலி மேலே ஓடும்போது முன்பக்கம் போகிறது, கீழே ஓடும்போது பின்பக்கம் வருகிறது. அவர் மாட்டியது மேலேயா, கீழேயா? மேலே என்றால் வாய் பின்னால் இருப்பது சரி. கீழே என்றால் அதே பின்னால் தப்பு. பட்டையை மேலேதான் போட்டோம். இல்லை, குனிந்து போட்டோம். குனிந்தது மேலே போடுவதற்கா? மறுபடி டிக்கிலிருந்து ஆரம்பித்தார்.

"மாமா, சொல்றது கேக்குதுங்களா?" "உம்." "என்ன சொன்னேன்னு சொல்லுங்க பாக்கலாம்." "உப்புப் பத்தலைன்ன." "அது அப்பவே முடிஞ்சு போச்சுங். மதி நேத்து போன்ல என்ன கேட்டான்னு சொல்லிட்டு இருக்கறேன்." மதிவாணன் அவர்கள் மகன். நீங்க போறது உங்க இஷ்டம்ப்பா, அம்மாவ எதுக்கு இழுத்துட்டுப் போறீங்க, அவுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என்று கிளம்பும் அன்று கேட்டவன் அதற்கு மேல் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்த மிச்ச வாக்கியம் மூன்று நாட்டு எல்லைகளைத் தாண்டி அவர் கூடவே வருகிறது, இந்த முள்வேலி மாதிரி. யார் யாரை இழுத்துக்கொண்டு வந்தது என்பது அவனுக்குத் தெரியாது. மகள் கல்யாணம் முடிந்து பந்தல்காரன் மூங்கிலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, இனி எங்கியாச்சும் போயிட்டே இருக்கோணுமுங் மாமா, நிக்கவே கூடாது என்று சொன்னவள் வசந்தாமணி. ஊர் எல்லைப் பெட்ரோல் பங்கைத் தாண்டி எதையும் யோசித்திராத மனிதர் அவர். அவள்தான் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஓட்டினாள். ஊர் கேட்டால் மட்டும், அவரு கூப்பிட்டாரு, போறேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள், என்ன சாமர்த்தியம். ஒரு எல்லைச் சாவடியில் சோதனைக் கருவி அவளைக் கண்டதும் கீச்சுக் கீச்சென்று கத்தியது. சோதித்த பெண் அதிகாரி தாலிக்கொடியை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். கொத்துக் கொத்தாக ஊக்கு, பெரிசு, சிறிசு, துருப்பிடித்தது, பித்தளை. இத்தன ஊக்கு எதுக்குடி, வேலிக்கா, என்று அவர் கேட்டார். எப்ப வேணும்னு யாரு கண்டா என்றாள். கூடாரத்தின் ஜிப்பு அறுந்தபோது அந்த ஊக்குதான் காப்பாற்றியது, அன்றைக்கு முழுக்க அவள் பேச்சில் ஒரு மிடுக்கு. அந்த மிடுக்கோடு இப்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். இடது காலைச் சங்கிலிக்குப் பக்கத்தில், ஒரு சாணுக்கும் குறைவான தூரத்தில் வைத்திருக்கிறாள். அந்தக் காலில் மெட்டி இருக்கிறது, பூட்ஸுக்குள் உறுத்தினாலும் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்த மெட்டி.

மில்லில் ஒரு முறை பெல்ட் அறுந்தது. அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தார், நினைத்ததும் அது வந்துவிட்டது. அறுவதற்கு முன்னால் பெல்ட் என்ன சத்தம் போட்டது என்று பிறகு எல்லோரும் அவரைக் கேட்டார்கள். ஒரு சத்தமும் போடவில்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சாட்டை மாதிரி ஒரு வீச்சு, அவ்வளவுதான், ரங்கநாதன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கும் இயந்திரத்தைப் பார்த்து அனுப்பியவர் நாச்சிமுத்துதான். அவர் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், ரங்கநாதனே சொன்னான். ஆகவே சத்தம் வந்தால் பயமில்லை, சத்தம் வராவிட்டால்தான் பயம் என்று அவர் மனது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. உடனே டக்குச் சத்தம் நின்றது போல இருந்தது. நின்றதா? காற்று திசை மாறியதா? கர்ர் இருக்கிறது, டக் இல்லை. டக் வரட்டும் என்று காத்திருந்தார், அதுவரை பயந்துகொண்டிருந்த அந்த டக்குக்காக. வந்தது. அப்பாடா என்றிருந்தது, அந்த அப்பாடாவை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது. சாலையோரம் ஒரு பழைய லாரி டயர் கிடந்தது, ஏதோ ஒரு மிருகத்தின் எலும்பு கிடந்தது, பிறகு ஒன்றும் கிடக்கவில்லை. தேய்ந்த பல்லுக்கு மாற்று இந்த மலையில் கிடையாது. அடுத்த நாட்டின் எல்லைக்குள் ஓஷ் என்ற நகரத்தில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அது வரைக்கும் இந்தப் பல்லும் இந்தச் சங்கிலியும்தான், அவை இஷ்டப்பட்டால் உண்டு. அவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. முறுக்கிய கையை அப்படியே பிடித்திருப்பது ஒன்றுதான் வேலை, அதைச் செய்துகொண்டிருந்தார். தலைவலி கண்ணுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. சாமியைக் கும்பிடலாமா என்று நினைத்தார். என்னவென்று வேண்டுவது, வாயைத் திருப்பி வைக்கச் சொல்லியா? வண்டி ஒரு வளைவு திரும்பியது, இன்னொரு வளைவு, வானம் திடீரென்று முன்சக்கரத்துக்கு நேராக வந்தது, எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டுத் தானாகவே அணைந்தது. உச்சி.

"சித்த எறங்கிக்கறேனுங், காலு மரத்துப் போச்சு" என்று அவள் இறங்கினாள். அவர் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினார், அதற்கே மூச்சு வாங்கியது. இடது பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். கண்ணி கண்ணியாகச் சங்கிலி நகர்ந்தது, கறுப்புச் சேறு, மணல், சேறு. இந்த இடமாக இருக்குமோ, இல்லை. இன்னும் கொஞ்சம். வாய் சரியாகத்தான் இருக்கும், இத்தனை வருஷம் மாட்டிய கை, கைக்குத் தெரியும். வந்துவிட்டது. பட்டை தெரிந்தது. பட்டை பாதி வெளியே நகர்ந்து, கண்ணி ஊசிகளின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் மேல் லாக்கு இல்லை. வாய் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, வாயே இல்லை. கட்டைவிரலால் பட்டையை உள்ளே தள்ளினார், அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் உள்ளே போனது. எங்கேயோ வழியில் பிதுங்கிப் போயிருக்கிறது, தப்பாகத்தான் மாட்டியிருக்கிறோம், கடைசி லாக்கு. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார், மலையடிவாரம் வரைக்கும் வெறும் மண். இது வரைக்கும் பட்டையை எது பிடித்து வைத்திருந்தது என்று அவருக்கு விளங்கவில்லை, சேறுதான் ஒட்டிப் பிடித்திருந்ததோ என்னவோ. கையில் துணியில்லாமல் விரலைச் சட்டையிலேயே துடைத்தார். மதிக்குப் போன் போட வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது, என்ன சொல்வதற்கு என்று தெரியவில்லை, போனில் சிக்னல் ஒரு கோடுகூடக் காட்டவும் இல்லை. அழுகை வரும் போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒரு நகமளவு இரும்புக்காக மலை உச்சியில் குத்தவைத்து அழுவது நன்றாகவா இருக்கும், ஆனாலும் வரும் போலத்தான் இருந்தது.

காற்றில் அவள் கழுத்துத் துணி பறந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கி, தாலிக்கொடியை வெளியே இழுத்து, துணியில் குத்திக்கொள்ள ஊக்கு ஒன்றைக் கழற்ற ஆரம்பித்தாள். துருப்பிடித்ததைத் தள்ளினாள், பித்தளையைத் தள்ளினாள். நடுவில் ஒரு ஊக்கின் கம்பியில் கோத்து, புதிதாக, பளபளவென்று, பிளந்த வாயோடு தொங்கிக்கொண்டிருந்தது லாக்கு.

"இதெங்க புடிச்ச?"

"எதுங்? ஓ, அதுங்களா. காத்தால அந்தத் துணிய ஒதறுனேனுங்களா, அப்ப விழுந்துது. வண்டிச் சாமானாட்ட இருக்குது, மண்ணுல போனாப் போச்சுன்னு கோத்து வெச்சேன். சொல்லோணும்னுதான் இருந்தேன், அந்தக் கம்பளி எருமையப் பாத்ததும் மறந்தே போச்சு." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "முக்கியமான சாமானுங்களா?" என்றாள்.

அப்படியானால் டிக் கேட்கவே இல்லை. காலையிலிருந்து அவர் திருப்பித் திருப்பிக் கேட்ட அந்த டிக், வேறு என்றைக்கோ எந்தச் சனிக்கிழமையிலோ கேட்ட டிக். மாட்டாத லாக்கின் வாய் எந்தப் பக்கம் என்றுதான் இந்த ஏற்றம் முழுக்க வருந்திக்கொண்டு வந்திருக்கிறார். சிரிப்பாக வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் மூச்சு முட்டி இருமல் வந்தது, அவள் பதறி முதுகைத் தட்டினாள். சின்னச் சாமான்தான் என்று சொல்லிவிட்டு வாங்கி மாட்டியிருக்கலாம். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கையை நீட்டினார், ஆனால் வாய் அவரைக் கேட்காமல் முழுவதையும் சொல்லிவிட்டது, தேய்ந்த பல், எண்ணெயும் மணலும், லாக்கு இல்லாமல் ஏறி வந்தது, சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பது வரைக்கும். ரங்கநாதனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மரத்த விரல்களால் லாக்கைப் பொருத்தும்போது அவளையும் குனிந்து பார்க்கச் சொன்னார். "மேல மாட்டுனா வாய் பின்னால பாத்துட்டு இருக்கோணும். முன்னால பாத்தா ஒரு கல்லு பட்டாப் போதும், கழண்டுக்கும்." இடுக்கியால் அழுத்தினார். டிக். இந்த முறை நிஜமாகவே கேட்டது. அவள் கழுத்துத் துணிக்கு ஊக்குப் போட மறந்து, அதைக் கையில் சுருட்டிக்கொண்டு, அந்தக் கறுத்த பல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உருட்டிவிட்டுக் கிளப்பினார், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அக்கட்டால் இறக்கம் நீண்டு கிடந்தது, எங்கேயோ தூரத்தில் ஏரி ஒன்று நீலமாகத் தெரிந்தது, அதன் கரையில்தான் இன்றைக்குப் படுக்கப் போகிற ஊர். மலைகள் பக்கத்தில் வந்து பின்னால் போயின. அதில் ஒன்று யாரோ ஒரு பெரியம்மா மாதிரியோ சின்ன மாமனார் மாதிரியோ இருந்திருக்கும், அவள் சொல்லவில்லை. அவள் மோவாய் அவர் தோளில் இல்லை. கைகள் இரண்டும் அவர் வயிற்றைச் சுற்றி இறுகியிருந்தன, இடது கால் சங்கிலியிலிருந்து முடிந்தமட்டும் விலகி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவரை இதுவரைக்கும் பிடித்து வைத்திருந்த ஒன்றை அவரே கையால் கழற்றிப் போட்டுவிட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. கர்ர், கர்ர், டக். ஒவ்வொரு டக்குக்கும் வயிற்றின் மேல் அந்த விரல்கள் ஒரு தரம் இறுகித் தளர்ந்தன. இத்தனை நேரம் அவர் ஒருவர் கேட்டுக்கொண்டு வந்தார், இப்போது இருவர்.

"ஏதாச்சும் பேசு புள்ள" என்றார்.

ஒரு வளைவு போனது, இன்னொன்றும் போனது. பிறகு அவள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் மெல்ல இடித்தது.

"மாமா."

"உம்."

"அந்த வாயி... பின்னாலதானுங்களே இருந்துது?"

"பின்னாலதான்" என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு, கண்ணுக்குள் அதைத் தேடிப் பார்த்தார்.